காற்றுக்குக் குதிர் கட்டிய ஆசிரியர்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

நெல் விளைந்தால் குதிரில் கொட்டி வைக்கிறோம். மழை பெய்தால் ஏரியில் தேக்கி வைக்கிறோம். காற்று வீசினால் என்ன செய்கிறோம்? சன்னலைச் சாத்துகிறோம்! அம்மியையும் தூக்கிக்கொண்டு போகும் ஆடிக் காற்று அத்தனையும் வீணாக நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஐப்பசியில் ஒரு நாள் மின்விசிறி நின்றுபோய் நாம் வியர்வையில் நனையும்போது அந்த ஆடிக் காற்றில் ஒரு பிடியாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். இந்த ஏக்கத்தையே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். அவர் பெயர் போல் லா கூர். நாடு டென்மார்க்.

டென்மார்க் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தரங்கம்பாடிக் கோட்டை. 1620-இல் தஞ்சை நாயக்கரிடம் இடம் வாங்கிக் கடற்கரையில் கோட்டை கட்டினார்களே, அந்த டேனியர்களின் தாயகம்தான். அவருடைய பெயரும் நமக்கு அந்நியமானதன்று. போல் என்பது நம் பாட்டிமார் சின்னப்பர் என்று சொல்வார்களே, அதே பெயர். லா கூர் என்பது பிரெஞ்சுக் குடும்பப் பெயர். முன்னோர் பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர்கள். நம் எடிசனைப் போல அவர் பெயர் உலகெங்கும் பாடநூல்களில் இல்லை என்றாலும், காற்றிலிருந்து மின்சாரம் எடுத்த கதையை எழுதும் எவரும் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

1846-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் எபெல்டாஃப்ட் என்ற கடற்கரை ஊருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் போல் பிறந்தார். டென்மார்க்கின் நில அமைப்பை நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்டில் மலை என்று சொல்லத்தக்க மலையே கிடையாது. மிக உயரமான மேடே சுமார் 170 மீட்டர்தான்! மலை இல்லாததால் அருவி இல்லை. அருவி இல்லாததால் நீர்மின்சாரத்துக்கு வழியில்லை. நிலக்கரியும் கிடையாது, கப்பலில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மூன்று புறமும் கடல். அந்தக் கடலிலிருந்து தடுப்பாரின்றி வீசும் காற்று ஒன்றுதான் தாராளம். மாவரைக்கும் காற்றாலைகள் அங்கே ஊருக்கு ஊர் இருந்தன. சிறுவன் போல் அவற்றைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பான்.

கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானிலை இயலும் படித்தார். 1872-இல் டென்மார்க்கின் வானிலை ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் துணைத் தலைவரானார். அப்போது வயது இருபத்தாறு. புயல் எப்போது வரும், காற்று எத்திசையில் வீசும் என்று கணக்கிடுவது அவருக்குத் தொழிலாயிற்று. வானிலைச் செய்திகள் தந்திக் கம்பிகளில்தான் வரும். ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்ப முடியாதா என்று அவர் ஆராயத் தொடங்கினார். நம் ஆய்வுக்கூடத்தில் இரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைத்துப் பார்க்கிறோமே இசைக்கவை, அதைக்கொண்டே இதற்கு வழி கண்டார். ஒவ்வோர் இசைக்கவைக்கும் ஓர் அதிர்வெண். ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஒரு செய்தி. 1875-இல் இசைக்கவையின் அதிர்வுக்கு ஏற்பத் துல்லியமாகச் சுழலும் ஒலிச்சக்கரம் ஒன்றையும் கண்டுபிடித்தார். ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவில் எலிஷா கிரே என்பவரும் இதே வழியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். தந்தியால் லா கூருக்குச் செல்வம் வரவில்லை. வேறொரு அமெரிக்கர் பிற்பாடு அந்தச் சக்கரத்தைத் தம் தந்தி முறையில் பயன்படுத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் அவர் வாழ்க்கை திரும்புகிறது. தலைநகரில் நல்ல பதவி, கண்டுபிடிப்பாளர் என்ற பெயர், எல்லாம் இருந்தும் 1878-இல் அவர் ஆஸ்கோவ் என்ற சிற்றூருக்கு ஆசிரியராகப் போனார். ஏன் போனார்? இதைப் புரிந்துகொள்ள அந்தப் பள்ளியைப் பற்றித் தெரிய வேண்டும்.

1864-இல் நடந்த போரில் டென்மார்க் தன் தெற்குப் பகுதியை இழந்துவிட்டது. தோற்றுப்போன சிறிய நாடு. வெளியில் இழந்ததை உள்ளே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அங்கே பரவிற்று. குருண்ட்விக் என்ற லூத்தரன் சபைப் பெரியவர் ஏற்கனவே ஒரு கருத்தை விதைத்திருந்தார். உழவர் வீட்டு இளைஞர்களும் இளம்பெண்களும் சில மாதங்கள் ஒரு பள்ளியில் தங்கி, தாய்மொழியில், வரலாறும் பாட்டும் அறிவியலும் கற்க வேண்டும் என்பது அது. இவற்றுக்கு மக்கள் உயர்நிலைப் பள்ளிகள் என்று பெயர். வயலில் வேலையில்லாத குளிர்காலத்தில் ஆண்களும் கோடையில் பெண்களும் படிப்பது வழக்கம். இன்னொன்றைக் கேளுங்கள்: அங்கே தேர்வும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது! (இதை வகுப்பில் படித்துக் காட்டியபோது எழுந்த ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பு சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டார்.) அத்தகைய பள்ளிகளில் முதலாவது ரோடிங் என்ற ஊரில் இருந்தது. போரில் அவ்வூர் எல்லைக்கு அப்பால் போய்விடவே, பள்ளியை 1865-இல் எல்லைக்கு இப்பால் ஆஸ்கோவுக்குக் கொண்டுவந்தனர்.

அங்கே லா கூர் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஒரு உண்மையை முதன்முதலில் கண்டவர் எப்படித் தடுமாறினார், எங்கே தவறினார், எப்படிக் கண்டுகொண்டார் என்று கதையாகவே நடத்திச் செல்வார். அந்த முறையில் கணித வரலாற்று நூல் ஒன்றை 1881-இல் வெளியிட்டார்; பின்னர் யாக்கோப் அப்பெல் என்ற உடன் ஆசிரியரோடு சேர்ந்து இயற்பியலுக்கும் அவ்வாறே எழுதினார்.

இந்தக் காலத்தில்தான் உலகில் மின்சாரம் வேகமாகப் பரவிற்று. 1882-இல் எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் திறந்தார். பெரிய நகரங்கள் ஒளி பெற்றன. கிராமங்கள்? அங்கே மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆஸ்கோவில் டிசம்பர் மாதத்தில் பகல் பொழுது சுமார் ஏழு மணி நேரம்தான். எனவே விளக்கில்லாத கிராமம் என்றால் நாளில் பெரும்பகுதி இருளில் கிடக்கும் கிராமம் என்று பொருள். இளைஞர்கள் பட்டணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். தாம் உருவாக்கிய மாணவர்களே அப்படிப் போவதை லா கூர் பார்த்தார். பட்டணத்துக்குப் போகும் மின்சாரத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தால், விளக்கும் தொழிலும் ஊரிலேயே கிடைக்குமே! ஆனால் நிலக்கரிக்குப் பணம் எங்கே? காற்றுக்குத்தான் விலையில்லை.

காற்றால் டைனமோவைச் சுழற்றியவர்களில் அவர் முதல்வர் அல்லர். இதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. 1887-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளித் என்ற பேராசிரியர் தம் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் காற்றாலை வைத்துச் சேமக்கலங்களில் மின்சாரம் ஏற்றி விளக்கெரித்தார். 1888-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்ற செல்வர் தம் மாளிகைக்குப் பின்னால் 144 இறக்கைகள் கொண்ட மாபெரும் காற்றாலையை நிறுத்தி, நிலவறையில் நூற்றுக்கணக்கான சேமக்கலங்களை அடுக்கி வைத்தார். இருவரும் தத்தம் வீட்டுக்கு விளக்கேற்றிக்கொண்டார்கள். லா கூர் நினைத்தது ஊருக்கு. அவ்வளவு சேமக்கலங்களை வாங்க ஓர் ஊரால் முடியுமா? அன்று அவற்றின் விலை அதிகம்.

1891-இல் அரசின் உதவித்தொகை பெற்று ஆஸ்கோவில் சோதனைக் காற்றாலை ஒன்றைக் கட்டினார். முதல் தொல்லை உடனே வந்தது. காற்று ஒரு சீராக வீசுவதில்லை. ஒரு நொடி தூங்கும், மறு நொடி மோதும். டைனமோவோ சீராகச் சுழல வேண்டும். இதற்காகக் கப்பிகளும் எடையும் தோல் வாரும் கொண்ட எளிய பொறியொன்றை அமைத்து, அதற்குக் கிராட்டோஸ்டாட் என்று பெயரிட்டார். காற்று எவ்வளவு மூர்க்கமாகத் தள்ளினாலும் ஓர் அளவுக்கு மேற்பட்ட இழுவிசை டைனமோவுக்குப் போகாதபடி அது பார்த்துக்கொண்டது. கிராமத்துக் கொல்லரும் தச்சரும் செய்துகொள்ளக்கூடிய பொறி அது.

இரண்டாவது தொல்லைதான் பெரியது. நள்ளிரவு மூன்று மணிக்குக் காற்று வீசுகிறது, ஊர் தூங்குகிறது. மாலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் விளக்கு வேண்டும், இலை அசையவில்லை. இந்த இரண்டு வேளைகளையும் எப்படி முடிச்சுப் போடுவது?

லா கூர் கண்ட விடை, தோழியரே, நம் பத்தாம் வகுப்பு வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது! நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறு முனையில் ஆக்சிஜனும் குமிழிடும். ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. இந்த மின்னாற்பகுப்பைச் செய்யும் கருவிகளை அமைப்பதில் இத்தாலியைச் சேர்ந்த கருத்தி என்ற பேராசிரியரின் முறையைக் கைக்கொண்டார். காற்று வீசும்போதெல்லாம் ஆலை சுழலும், டைனமோ மின்சாரம் தரும், அது நீரைப் பிரிக்கும், வாயுக்கள் தொட்டிகளில் சேரும். தேவைப்படும்போது குழாய் வழியாக வாயுவை விளக்குக்கு அனுப்ப வேண்டியதுதான். ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதனால் அச்சுடரில் ஒரு திடப்பொருளைச் சூடேற்றி ஒளிரச் செய்ய வேண்டும். நேற்றைய காற்று இன்றைய விளக்காயிற்று! 1895 முதல் 1902 வரை ஏழாண்டுகள் ஆஸ்கோவ் பள்ளியில் இந்த விளக்குகள் எரிந்தன.

குழாயில் ஒரு தீக்குச்சியைக் காட்டினால் ஹைட்ரஜன் ‘பட்’டென்று வெடிப்பதை நாங்கள் இந்த ஆண்டு ஆய்வுக்கூடத்தில் பார்த்தோம். சோதனைக் குழாய் அளவுக்கே எங்களில் இருவர் கத்திவிட்டார்கள். தொட்டி அளவு என்றால்? ஹைட்ரஜனோடு சிறிது ஆக்சிஜன் கலந்துவிட்ட வேளைகளில் வெடிப்புகள் நிகழ்ந்து பள்ளிக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ஒரு முறையன்று. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆசிரியர் மறுபடியும் தொடங்கினார். பள்ளி நிர்வாகம் எப்படிப் பொறுத்துக்கொண்டதோ என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். நாங்கள் ஒரு பீக்கரை உடைத்ததற்கே பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் இறக்கைகளைப் பற்றியும் அவர் சும்மா இருக்கவில்லை. இறக்கைகள் எத்தனை அதிகமோ அத்தனை நல்லது என்று பலரும் நம்பினர். பிரஷின் 144 இறக்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். லா கூர் நம்பிக்கையை விட்டு அளவையைக் கையில் எடுத்தார். விசிறியால் காற்றை உருளைக் குழாய் ஒன்றின் வழியே செலுத்தி, அதன் வாயில் சிறு சிறு மாதிரி இறக்கைகளை வைத்துச் சோதித்தார். இறக்கை எத்தனை, எவ்வளவு அகலம், எவ்வளவு சாய்வு, எவ்வளவு வளைவு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். மின்சாரம் எடுக்க வேண்டுமானால் குறைந்த இறக்கைகளோடு வேகமாகச் சுழலும் ஆலையே சிறந்தது என்று கண்டார். ரைட் சகோதரர்கள் தங்கள் காற்றுக் குழாயில் விமான இறக்கைகளைச் சோதித்தது 1901-இல். டென்மார்க்கின் இந்த ஆசிரியர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சோதனைகளைத் தொடங்கிவிட்டார். 1897-இல் இன்னும் பெரிய ஆலை எழுந்தது. சோதனைகளையெல்லாம் தொகுத்து 1900-இலும் 1903-இலும் நூலாக வெளியிட்டார்.

ஹைட்ரஜன் முறை ஓர் ஊருக்கெல்லாம் ஒத்து வரவில்லை. விளக்குக்குப் போதும், ஆனால் ஆலைகளையும் கருவிகளையும் ஓட்ட மின்சாரமே வேண்டும். பத்தாண்டு உழைத்த முறையை விட்டுவிட எவருக்குத்தான் மனம் வரும்? லா கூர் விட்டார். 1902-இல் காரீய அமிலச் சேமக்கலங்களை அமைத்து, ஆஸ்கோவ் சிற்றூருக்கே அந்த ஆலையை மின்நிலையமாக்கினார். நீர்த்த கந்தக அமிலத்தில் காரீயத் தகடுகள். மின்சாரத்தை ஏற்றும்போது தகடுகளின் வேதிப்பொருள் மாறுகிறது, திரும்ப எடுக்கும்போது பழைய நிலைக்கு வருகிறது. 1859-இல் பிரெஞ்சுக்காரர் பிளாந்தே கண்டுபிடித்த கலம் அது.

இங்கும் ஒரு சிக்கல். காற்று ஓய்ந்தால் டைனமோவின் மின்னழுத்தம் குறையும். அப்போது சேமக்கலத்திலிருந்து மின்சாரம் திரும்பிப் பாய்ந்து டைனமோவையே மோட்டார் போலச் சுழற்றத் தொடங்கும்! சேமித்ததெல்லாம் ஆலையைச் சுழற்றி வீணாகும். டைனமோவின் அழுத்தம் குறைந்ததும் தானே இணைப்பைத் துண்டித்து, கூடியதும் தானே இணைக்கும் சாவி ஒன்றை லா கூர் அமைத்தார். இரவெல்லாம் விழித்திருந்து பார்க்க ஆள் வேண்டியதில்லை. நாட்கணக்கில் காற்றே வீசாவிட்டால்? அதற்கும் வைத்திருந்தார் ஒரு எண்ணெய் இயந்திரம். காற்று, சேமக்கலம், துணைக்கு இன்னொன்று என்ற இந்த அமைப்புதான் அவர் விட்டுச் சென்றவற்றில் மிகப் பெரியது என்பது எங்கள் கருத்து. இன்று அந்த எண்ணெய் இயந்திரத்தின் இடத்தில் சூரியத் தகட்டை வைத்தால் போதும், அதே படந்தான்.

அவர் காலத்தில் சூரியத் தகடு இல்லை. சிலிக்கனால் ஆன பயனுள்ள சூரிய மின்கலம் 1954-இல்தான் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஆனால் காற்றும் வெயிலும் ஒன்றுக்கொன்று மாற்றுப் பணியாள் போல. டென்மார்க்கில் குளிர்காலத்தில் வெயில் கொஞ்சம், காற்று அதிகம். கோடையில் பதினேழு மணி நேரத்துக்கும் மேல் பகல், காற்றோ மெலிவு. நம் நாட்டிலும் ஆனி, ஆடி, ஆவணியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீறும். பங்குனி வெயிலைப் பற்றி நாங்கள் சொல்லவே வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சேமக்கலம் சிறிதாக இருந்தாலும் போதும், ஏனென்றால் ஒன்று ஓயும்போது பெரும்பாலும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும்.

1903-இல் டென்மார்க் காற்று மின்சாரச் சங்கம் உருவாயிற்று. ஊர்களுக்கு நேரில் சென்று ஆலை அமைக்க ஆலோசனை சொல்வதும் சஞ்சிகை வெளியிடுவதும் அதன் பணிகள். ஆனால் ஆலையைக் கட்டிவிட்டால் போதுமா? பழுது பார்ப்பவர் யார்? கிராமத்துப் பையன்களையே மின்பணியாளர்களாகப் பயிற்றும் வகுப்பை 1904-இல் ஆஸ்கோவில் தொடங்கினார். அந்த முதல் வகுப்புக்கு வந்தவர்களில் யோகன்னஸ் யூல் என்ற பதினேழு வயதுப் பையனும் ஒருவன். எங்களைவிட இரண்டு வயதுதான் மூத்தவன்!

1908 ஏப்ரல் 24-ஆம் நாள் போல் லா கூர் காலமானார். வயது அறுபத்திரண்டு. முதல் உலகப் போரில் எண்ணெயும் நிலக்கரியும் வராமல் போகவே, டென்மார்க்கின் கிராமங்கள் அவர் சொன்ன வழிக்கே திரும்பின. 1918 அளவில் சுமார் 120 ஊர் மின்நிலையங்களில் காற்றாலை சுழன்றது. போர் முடிந்து எண்ணெய் மலிந்ததும் பல ஆலைகள் நின்றன. ஆஸ்கோவ் ஆலையும் 1929-இல் தீப்பற்றி எரிந்தது. பிறகு மீண்டும் கட்டப்பட்டது. இன்று அது லா கூர் அருங்காட்சியகம்.

அந்தப் பதினேழு வயதுப் பையன் என்ன ஆனான்? நாற்பதாண்டுக்கு மேல் மின்துறையில் வேலை செய்த பிறகு, ஓய்வு பெறும் வயதில் தம் ஆசிரியரின் ஆலையை மறுபடி நினைத்தார். 1957-இல் கெட்சர் என்ற கடலோர ஊரில் மூன்றே இறக்கைகளுடன் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். அது பத்தாண்டுகள் ஓடிற்று. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது உலகம் அதைத் தேடிப் போய்ப் பார்த்தது. இன்று நாகர்கோவில் செல்லும் வழியில் பேருந்துச் சன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நாம் பார்க்கும் மூன்றிறக்கை ஆலைகள் அந்தக் கெட்சர் ஆலையின் வழிவந்தவை. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் மாநிலத்தில் கயத்தாற்றுப் பக்கம் டென்மார்க் அரசின் உதவியோடும் காற்றாலைகள் எழுந்தன. தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்த நாடு இந்த முறை காற்றாலையோடு வந்தது! இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றும் வெயிலும் தருகின்றன. மிஞ்சும் காற்று மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமிக்கலாம் என்று உலகெங்கும் இப்போது முயல்கிறார்கள். கண்ணாடி உடைந்த அந்தப் பழைய வழிதான்.

எங்கள் விடுதி மாடியிலும் சில சூரியத் தகடுகள் உண்டு; படிக்கட்டின் கீழ் நான்கு சேமக்கலங்கள் இருக்கின்றன. சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவு மின்சாரம் போயிற்று. சேமக்கலமும் கால் மணியில் அணைந்தது. காய்ச்சி வடித்த நீர் ஊற்ற எல்லாரும் மறந்துபோயிருந்தோம். மெழுகுவர்த்தியில் படித்தோம். அதற்குப் பிறகு வகுப்புவாரியாக முறை வைத்துச் சனிக்கிழமை தோறும் மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்க்கிறோம். இந்தக் கட்டுரைக்காக லா கூரைப் பற்றிப் படிக்கும் வரையில் அது எங்களுக்குத் தண்டனை வேலையாகத்தான் பட்டது. வருகிற சனிக்கிழமை ‘ஆ’ பிரிவின் முறை.